ஆற்றுமுகத்து முப்பத்தொரு வீடுகள்

கணினித் திரையைத் தொடக்கூடாது என்று அம்பத்தூரில் எங்கள் அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. லீடர் அக்காவின் திரையில் மட்டும் எப்போதும் ஒரு விரல் தடம் இருக்கும். பிலிப்பைன்ஸில் ஒரு சின்ன ஊர். அங்கே ஆறு கடலில் சேரும் இடத்தின் மேல் அந்தத் தடம் விழுந்திருக்கும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடு, பாதை, வாய்க்கால் என்று கோடு இழுத்து வரைபடமாக்குவது எங்கள் வேலை. அவர் வரைவார், அதில் தப்பு கண்டுபிடிப்பது நான்.

வரைந்தோமா போனோமா என்று இருக்கத் தெரியாதவர் அக்கா. நசரத்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போதே அந்த ஊரைப் பற்றி போனில் படித்துக்கொண்டு வருவார். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். ஒரு காலத்தில் கொள்ளைக்காரர்கள் படகில் வந்து ஊரைக் கொளுத்தியதால் சனங்கள் மலைக்கு ஏறிப் போனார்களாம். பிறகு மீனுக்காகக் கீழே இறங்கினார்களாம். தேவாலயத்தை மட்டும் மூன்று தடவை கட்டியிருக்கிறார்கள். "அக்காவுக்கு மாமியார் ஊடே அங்கதான்" என்று கிண்டலடிப்போம். "இருந்துட்டுப் போவட்டுமே, மீனாவது நல்லா கெடைக்கும்" என்பார்.

ஒரு புயலுக்குப் பிறகு புதுப் படம் வந்தது. ஆற்றுமுகத்து மணல்திட்டில் அவர் வரைந்திருந்த முப்பத்தொரு வீடுகளின் இடத்தில் வெறும் மணல். படத்தில் இல்லாததை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. அக்கா நீக்கவில்லை. அங்கிருந்தவர்கள் தப்பித்தார்களா என்று கேட்டு, வேலை கொடுத்த நிறுவனத்துக்கு மூன்று மெயில் போட்டார். அது உங்கள் வேலைக்குள் வராது என்று பதில் வந்தது. "யாருன்னா ஒரு வார்த்த சொல்லட்டும் தம்பி. அதுவரிக்கும் நீ கை வெக்காத" என்றார்.

யாரைக் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. அவர் லீவில் இருந்த நாளில், கெடு முடிகிறது என்று மேலதிகாரிகள் நெருக்கினார்கள். அந்த வீடுகளை நானே அழித்தேன். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்து. கையாலாகாத கோபம் அன்று முழுக்க இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அவர் திரும்பி வருவதற்குள் அவரை வேறொரு ஊரை வரையும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்; பழைய ஊர் அவர் திரையில் திறக்காது. கொஞ்ச நாளில் வேலையையும் விட்டுவிட்டார். அந்த வரைபடம் எங்கள் அலுவலகத்துக்கு வெளியே திறக்காது. அழித்ததை நானும் சொல்லவில்லை.

போன மாதம் குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். நலம் விசாரிக்கும் முன்பே கேட்டார்: "இப்ப வர்ற படத்துல அந்த ஊடுங்க கீதுங்களா?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "கீதுக்கா" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க."