அருவிக்குப் போக மூன்று சீட்டு

விமானச் சீட்டு விற்பவர்கள் உலகம் சுற்றியவர்கள் என்று நினைப்பவர்கள் ஒருநாள் என்னோடு வரலாம்: காலையில் சார்செலில் ரயில் ஏறி, கார் து நோர் நிலையத்தில் இறங்கி, பாரிஸில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு நடந்து வருவேன், மாலையில் அதையே திருப்பிச் செய்வேன். 2009இல் இந்தப் பயண முகவர் கடையில் சேர்ந்தேன். அன்றிலிருந்து நான் பார்த்த வெளிநாடு, எதிரே இருக்கும் மரக்கறிக் கடைதான். சென்னை, கொழும்பு, லண்டன் கலியாணம், லூர்து மாதா. எங்கள் வாடிக்கையாளர் கேட்கும் ஊர்கள் இவ்வளவே. இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கும் அது தெரியும். அதனால்தான் தவராசா அண்ணையின் பயணத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை

எங்கள் சனம் செவ்வாய்க்கிழமை பயணம் வெளிக்கிடாது. செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள். அன்றைக்குத்தான் சீட்டு மலிவு என்று சொல்லிப் பாருங்கள், உங்களை ஏதோ சூனியக்காரி மாதிரிப் பார்ப்பார்கள். ராகுகாலத்தில் புறப்படும் விமானத்துக்கு, முதல்நாளே செருப்பை வாசலுக்கு வெளியே வைத்து நேரத்தை ஏமாற்றியவர்களும் உண்டு.

2015 செப்டம்பரில் அண்ணை வந்தார். ஐம்பது வயதிருக்கும். பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சமையல். வீடு புறநகரில், கூசேன்வில்லில். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, ஆபிரிக்காவில் விக்டோரியா அருவி என்று ஒன்று இருக்கிறதாமே, அதைப் பார்க்க மூன்று பேருக்குச் சீட்டு வேண்டும் என்றார். அதுவும் சிம்பாப்வேப் பக்கம் வேண்டாம், சாம்பியாப் பக்கம், லிவிங்ஸ்டன் ஊரில்தான் இறங்க வேண்டும் என்றார். இவ்வளவு விபரமாக லூர்துக்குக்கூட யாரும் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமைதான் மலிவு என்று பயந்து பயந்து சொன்னேன்.

"செவ்வாய் எண்டால் செவ்வாய்தான் பிள்ளை. போனமுறை நல்லநேரம் பாத்துத்தான் வெளிக்கிட்டனான், ஏழு மாதம் அடைபட்டுக் கிடந்தனான்."

யானை

அடுத்த சனிக்கிழமை மனைவி யோகம் அக்காவையும் கூட்டி வந்தார். அக்கா றுவாசி விமான நிலையப் பக்கம் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறார். நான் இரண்டு நாள் இருந்து படித்த பாடத்தை ஒப்புவித்தேன். காலையில் அருவி. பின்னேரம் சாம்பேசி ஆற்றில் படகு, நீர்யானை பார்க்கலாம். ஒருநாள் எல்லை தாண்டிப் போனால் யானைக் கூட்டம். துணிந்தவர்களுக்கு, பாலத்திலிருந்து காலில் கயிறு கட்டிக் குதிக்கிற விளையாட்டும் உண்டு.

கயிறு என்றதும் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். குதிக்கிறவர் குதிக்கட்டும், வீட்டுக் கதவுத் திறப்பைத் தன்னிடம் தந்துவிட்டுக் குதிக்கட்டும் என்றார். நான் அவசரமாக யானைப் படங்களைத் திரையில் காட்டினேன். பெரியதும் குட்டியுமாக ஐம்பது இருக்கும், ஆற்றில் இறங்கி நின்றன. அக்காவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"உதைப் பாக்க இவ்வளவு தூரம் போகவேணுமே? வன்னியிலை நாங்கள் இருக்கேக்கை யானைதான் எங்களைத் தேடி வந்தது."

கையை எடுக்காத மனிதர்

சீட்டுப் போட பாஸ்போர்ட்டின் பிரதி வேண்டும். அண்ணை பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் தாருங்கோ, பிரதி எடுக்க வேண்டும் என்றேன். தானே எடுப்பதாகச் சொல்லி இயந்திரத்தடிக்கு வந்து, மூடியைத் தூக்கி, பாஸ்போர்ட்டின் மேல் ஒரு விரலையும் வைத்துக்கொண்டு நின்றார். விரலோடு பிரதி வந்தது. இரண்டாவதிலும் விரல். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும் என்பது கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். நான் என்ன கள்ளியா அண்ணை என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார். 1996இல் அவரைக் களவாகப் பிரான்ஸுக்கு அனுப்பிய ஏஜென்ட், வழியில் லிவிங்ஸ்டனில் ஒரு வீட்டுக்குள் விட்டிருக்கிறான். பதினொரு பேர், ஒரு அறை. யன்னலெல்லாம் பேப்பர் ஒட்டியிருந்தது. வெளியே தலைகாட்டினால் பொலிஸ் பிடிக்கும் என்று மிரட்டி வைத்திருந்தார்கள். பாண் ரொட்டி சுற்றி வருகிற கடதாசியில் இருந்த ஊர்ப்பெயரைத் தவிர அந்த ஊரைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இரவு பகலாக ஒரு இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்குமாம். பக்கத்தில் மாவு ஆலை என்று காவலுக்கு இருந்தவன் சொல்லியிருக்கிறான். பல வருடம் கழித்து, பிரெஞ்சுக் குடியுரிமையும் கிடைத்தபிறகு, கூசேன்வில் வீட்டில் தொலைக்காட்சியில் அருவி ஒன்றைக் காட்டினார்களாம். அருவிக்குப் பக்கத்து ஊர் லிவிங்ஸ்டன் என்று திரையில் வந்ததும் அவர் கையில் இருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டாராம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

"உம்மிலை பிழையில்லைப் பிள்ளை. ஏஜென்ட்மாரிட்டைக் குடுத்த பாஸ்போர்ட் ஒண்டும் எனக்குத் திரும்பி வந்ததில்லை, அதுதான் கை விடுகுதில்லை."

என்ன கதை சொல்வது?

அடுத்தமுறை அவர்கள் வந்தபோது, மலேரியாக் குளிசை, ஊசி, காப்புறுதி எல்லாம் சொல்லி முடித்து, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். அன்று மகள் நிலானியும் வந்திருந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, உயர்பள்ளியில் முதல் வருடம். அண்ணை கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அங்கே எயார்போர்ட்டில் என்ன கதை சொல்வது என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். ஜொகன்னஸ்பேர்க்கில் ஒரு சித்தப்பா, அவருக்கு நான்கு பிள்ளைகள், மூத்தவளுக்குக் கலியாணம், மாப்பிள்ளை எஞ்சினியர். ஒருவருமே உலகத்தில் இல்லாதவர்கள். பிறந்த திகதிகள்கூட எழுதி வைத்திருந்தார். யோகம் அக்கா ஏற்கனவே பாடமாக்கிவிட்டார். மாப்பிள்ளையின் தாயின் பெயரைக் கேட்டால் டக்கென்று சொல்கிறார். செல்லுபடியான பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு கதை எழுதுகிறவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

நிலானி பிரெஞ்சில் வெடித்தாள். பப்பா, நாங்கள் உல்லாசப் பயணிகள், அதைச் சொன்னால் போதும், உண்மையே அதுதானே என்றாள். அண்ணை தாளை மடித்தார்.

"தூரிஸ்ட் எண்டுதான் போனமுறையும் சொல்லச் சொன்னவங்கள்."

போனமுறையா, எப்போது என்று அவள் கேட்டாள். அண்ணை எழும்பி, கார் நிறுத்திய நேரம் முடிகிறது என்று வெளியே போய்விட்டார்.

மூன்று திகதிகள்

2016 ஏப்ரலில் போவதாக இருந்தது. உறவுக்காரப் பிள்ளை பெரியவளாகிச் சாமத்தியவீடு வந்துவிட்டது என்று தள்ளிவைத்தார். ஆவணி என்றோம். செவ்ரானில் ஒரு ஒன்றுவிட்ட தமையன் இறந்து துடக்குத் தீட்டு வந்தது. மார்கழி என்றேன். முதலாளி கொஞ்சே, அதாவது லீவு, தரவில்லையாம். சாமத்தியவீடும் செத்தவீடும் இல்லாத மாதம் எங்கள் நாட்காட்டியில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் மூன்றாவது முறை எனக்குச் சந்தேகம் வந்தது. மார்கழியில் சமையற்காரருக்கு எந்த முதலாளியும் லீவு தரமாட்டார் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டுமே.

இரண்டு நாளில் யோகம் அக்கா தனியாக வந்தார். அண்ணைக்குப் பயம் என்றார். முதல்தரமாக வருகிறீர்களா என்று அங்கே கேட்பார்களாம். இல்லை என்றால், முன்பு எப்படி வந்தாய் என்று பிடிப்பார்கள். ஆம் என்றால் பொய், அதைக் கண்டுபிடித்தால் மகளுக்கு முன்னால் திருப்பி அனுப்புவார்கள். அவளுக்கு அந்த வீட்டைப் பற்றி அண்ணை இன்றுவரை சொல்லவில்லை. அப்படியென்றால் இந்தப் பயணத்தை விட்டுவிடலாமே அக்கா, நீஸ் கடற்கரைக்குப் போங்கள் என்றேன்.

"அவர் நித்திரையிலை இப்பவும் அந்த இரைச்சலைக் கேட்டு எழும்பிறவர். அது வெறும் தண்ணிதான் எண்டு அவர் தன்ரை கண்ணாலை பாக்கவேணும் பிள்ளை."

கேட்டால் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள் அக்கா என்றேன். அடுத்த ஏப்ரலுக்கு மூன்று சீட்டும் போட்டுக் கொடுத்தேன். சொல்லும்போது துணிவாகத்தான் இருந்தது. அவர்கள் விமானம் ஏறிய செவ்வாய்க்கிழமை முழுக்க, அந்த மனிதரைக் கொண்டுபோய் மாட்டிவிட்டேனோ என்று நிமிடத்துக்கொருமுறை திரையில் அந்த விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். வேதக்காரி நான், அன்றைக்கு இரண்டு செபமாலை சொன்னேன்.

கவுண்டர்

புறப்பட்டுப்போன மூன்றாவது கிழமை மூவரும் கடைக்கு வந்தார்கள். அருவி எப்படி என்று கேட்டேன். மழைச்சட்டைக்குள்ளும் நனைந்து போனோம் என்றார் அண்ணை. நிற்க முடியாத இரைச்சலாம், அவர் அரைமணி நேரம் நின்றாராம். அவ்வளவுதான். அதன்பிறகு முழுக்க முழுக்க அவர் சொன்னது குடிவரவுக் கவுண்டரைப் பற்றி.

கண்ணாடிக்குப் பின்னால் தடித்த, வயதான அம்மா ஒருவர். பயந்த கேள்வி முதல் கேள்வியாகவே வந்துவிட்டது: முதல்தரமாக வருகிறீர்களா? அண்ணைக்குச் சித்தப்பாவும் மறந்துபோனார், நான் சொன்ன புத்திமதியும் மறந்துபோனது. இல்லை என்றார். எப்போது வந்தீர்கள்? இருபது வருடத்துக்கு முன்பு. அப்போது என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று அந்த அம்மா சும்மா கதைக்கிற மாதிரிக் கேட்டிருக்கிறார். அண்ணைக்கு இங்கிலீஷ் அதற்குமேல் வரவில்லை. ஒன்றும் பார்க்கவில்லை, ஒரு வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள், சத்தம் மட்டும்தான் கேட்டேன் என்று தமிழில் சொன்னார். அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியவள் நிலானி. அவளும் அதை அப்போதுதான் முதல்தரம் கேட்கிறாள். சொல்லி முடித்து, தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

அந்த அம்மா பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு அண்ணையையே பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தி, கண்ணாடிக்குக் கீழால் தள்ளினார். அவர் சொன்னதை நிலானி எனக்கு ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள். அவள் கடையில் தமிழ் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"கதவு திறந்துதான் இருக்கு ஐயா, போய் ஆறுதலாப் பாத்திட்டு வாங்கோ."

அருவி பார்க்க அனுப்பிய மனிதர் குடிவரவுக் கவுண்டரைப் புகழ்ந்துகொண்டு திரும்பி வந்தால், அந்தப் பயணத்தைத் திட்டமிட்ட பெருமையை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று இதே தொழிலில் மாரடிக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.