சைவப் பந்தி, மச்சப் பந்தி

மச்சாள் பட்டம் எடுத்தபோது எங்கள் வீட்டில் ஒரு சாப்பாடு நடந்தது. அதை எழுதுகிறேன். எனக்கு எழுத்துப் பழக்கம் குறைவு. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள்.

மச்சாள் என்றது என் புருசனின் தங்கச்சி. அவவும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவா. உடுவிலில் போர்டிங்கில் நின்று படித்து, பிறகு பேராதனைக்குப் போனவ. எங்கள் பகுதியில் கடலுக்குப் போகிற வீட்டிலிருந்து அவ்வளவு படித்த பெண் அப்போது வேறு இல்லை. படிப்பித்தது என் புருசன். வல்வெட்டித்துறைக் கரையில் அவருக்கு ஒரு வள்ளம் இருந்தது. "நீ பாஸ் பண்ணு. ஊருக்கே விளைமீன் காய்ச்சிச் சோறு போடுறன்" என்று தங்கச்சிக்குச் சொல்லுவார்.

அவ கடைசி வருசம் படிக்கிற நேரம், வாடைக்காற்றில் அவர் கடலுக்குப் போனார். கூடப் போனவரின் உடல் கிழக்கே ஒதுங்கியது. என் புருசன் வரவில்லை. வள்ளமும் வரவில்லை.

உடல் வராவிட்டால் எங்கள் பக்கத்தில் உடனே செத்தவீடு செய்யமாட்டார்கள். காற்று இந்தியாக் கரைக்குக் கொண்டுபோயிருக்கலாம். யாராவது பிடித்து வைத்திருக்கலாம். அப்படித் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். அவரின் தாய், என் மாமி, அதைப் பிடித்துக்கொண்டா.

செத்தவீடு என்றால் வீட்டில் மச்சம் நிற்கும். மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் வாசல் தாண்டி வராது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும் சைவம்தான். மாமி அடுத்த நாளே என்னை மீன் காய்ச்சச் சொன்னா. பிறகு ஒவ்வொரு நாளும் சொன்னா, வெள்ளிக்கிழமை தவிர. நான் காய்ச்சினேன். தின்னவில்லை. கடலில் கிடக்கிற ஆளை எந்த மீன் தின்றதோ, அதை எப்படித் தின்பது. ஒருவருக்கும் சொல்லவில்லை. தேங்காய்ப்பால் சொதியும் சம்பலும் விட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சட்டி கழுவி வைப்பேன். நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்தில் தாலி கிடந்தது. மாமி மீன் கேட்கிறவரைக்கும் அதுகளும் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மச்சாள் பாஸ் என்று தந்தி வந்த அன்றே மாமி சொன்னா: "சாப்பாடு குடுக்கவேணும். அவன் சொன்னவன்."

"வேண்டாம் அம்மா. எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்றா மச்சாள்.

"உன்னை ஆர் கேட்டது? அவன் வந்து ஏன் குடுக்கேல்லை எண்டு கேட்டால் நீயோ பதில் சொல்லுறது?"

என் புருசனின் பெரியப்பாவைக் கூப்பிட்டு முற்றத்தில் பாயைப் போட்டு இருந்து கதைத்தார்கள். நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். வரப்போகிறவர்கள் ஒரே மாதிரியான ஆட்கள் இல்லை. மச்சாளுக்குச் சின்னனில் கணக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்ரர் சுத்த சைவம். முட்டை கண்டால் எழும்பிப் போகிறவர். அவரோடு கோயில் ஆட்கள் கொஞ்சப் பேர் வருவார்கள். உடுவிலிலிருந்து ரீச்சர்மார் வருவார்கள், வேதக்காரர், எல்லாம் சாப்பிடுவார்கள். மிச்சம் கரை ஆட்கள். மீன் இல்லாத சோற்றை அவர்கள் சோறு என்று சொல்லுவதில்லை.

பெரியப்பா சொன்னார்: "முழுக்கச் சைவமாய் வைச்சிட்டால் ஒரு கரைச்சலும் இல்லை. ஒரு அடுப்பு. ஒரு பந்தி."

மாமி அவரைப் பார்த்தா. "ஏன், என்ரை வீட்டிலை செத்தவீடோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்பிடித்தான் சொன்னனீர்."

"சோளகமும் வந்திட்டுது" என்றார் பெரியப்பா. காற்று மாறி இவ்வளவு காலமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். பிறகு அவர் வெற்றிலையைப் போட்டார்.

கடைசியில் இரண்டு அடுப்பு என்று முடிவாயிற்று. குசினிக்குள் சைவம். பருப்பு, வாழைக்காய்ப் பால்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய், வல்லாரைச் சம்பல், பாயசம், வடை. பின்பக்கக் கொட்டிலில் மச்சம். விளைமீன் குழம்பு, சுறா வறை, கணவாய்க்கறி. ரீச்சர்மாருக்குக் கொஞ்சம் ஆட்டிறைச்சி. சைவச் சட்டியும் அகப்பையும் கொட்டில் பக்கம் போகக்கூடாது. மாஸ்ரர் ஆட்களுக்கு வீட்டு விறாந்தையில் பந்தி. மற்றவர்களுக்கு முற்றத்துப் பந்தலில்.

"ரீச்சர் கேக் கொண்டுவருவா" என்றா மச்சாள். "அதிலை முட்டை இருக்கு."

"அதைப் பந்தலிலை வெட்டு" என்றா மாமி. "மாஸ்ரருக்குக் கதலிப்பழம் குடு. சொதி மட்டும் ஒண்டு போதும். மீன்தலை போடாமல் குசினிக்குள்ளை வைச்சால் ரெண்டு பக்கமும் விடலாம்."

"முதல் விறாந்தைக்கு, பிறகு பந்தலுக்கு" என்றேன். "திரும்பி வரக்கூடாது."

"ஓம். அதை நீயே பார்." பிறகு ஒவ்வொருவராய் எங்கே இருத்துவது என்று சொல்லிக்கொண்டு வந்தா. மச்சாள் பந்தலில், ரீச்சருக்குப் பக்கத்தில். "நீயும் கடைசியிலை பந்தலிலை இருந்து சாப்பிடு பிள்ளை. ஆக்கள் பாக்கட்டும்."

நான் பூசணிக்காயை வெட்டினேன்.

முதல் நாள் பின்னேரம் கரையிலிருந்து மீன் வந்தது. கேட்காமலே கொண்டுவந்தார்கள். கூடையை இறக்கியவர் என் புருசனோடு கனகாலம் தொழிலுக்குப் போனவர். என் முகத்தைப் பார்க்கவில்லை. மீன் வெட்ட வந்த பெண்கள்தான் சத்தமாயிருந்தார்கள்.

"உந்த ரீச்சர்மார் கரண்டியாலையோ சாப்பிடுறவை?"

"கணவாயைக் கரண்டியாலை பிடிக்கட்டும் பாப்பம். அது தாவி மாஸ்ரரின்ரை இலையிலை விழும்."

"விழுந்தால் அந்தாள் காசிக்குப் போய்த்தான் முழுகவேணும்."

மாமியும் சிரித்தா. அவ சிரித்ததை நான் கனகாலத்துக்குப் பிறகு கண்டேன்.

இருட்டுப்பட முதல் மாஸ்ரர் வந்தார். உள்ளுக்கு வரவில்லை. படலைக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். குறை நினையாதை. வீட்டிலை துடக்கோ?"

துடக்கு என்றது செத்தவீட்டுத் தீட்டு. அது இருந்தால் அவர் அந்த வீட்டில் தண்ணியும் குடிக்கமாட்டார்.

"மாமியைக் கேளுங்கோ."

"கேட்டன். இல்லை எண்டு சொன்னா. நீ சொல்லு."

நான் யோசித்தேன். ஓம் என்றால் நாளைக்கு அவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் ஊருக்குத் தெரியும். என் கழுத்துத் தாலியும் கழரும். இல்லை என்றால் பொய்யோ, உண்மையோ, எனக்கே தெரியாது.

"இன்னும் ஒருத்தரும் துடக்கெண்டு சொல்லேல்லை மாஸ்ரர்" என்றேன்.

அவர் படலையிலிருந்து கையை எடுத்தார். "சரி. நான் வாறன்" என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். விறாந்தையில் மாஸ்ரர் ஆட்கள், பந்தலில் மற்றவர்கள், ஒரே நேரத்தில் இருந்தார்கள். ரீச்சர் கண்ணை மூடி ஜெபம் செய்தா. கடலில் இருக்கிறவர்களையும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்றா. இருக்கிறவர்கள் என்று சொன்னது மாமிக்குப் பிடித்தது. அவவுக்கு இன்னொரு துண்டு மீன் வைக்கச் சொன்னா.

நான் சொதி வாளியோடு விறாந்தையை முடித்துவிட்டுப் பந்தலுக்கு வந்தேன். அப்போதுதான் மாமி அந்த இலையைக் கொண்டுவந்தா.

பந்தலின் தலைமாட்டில், மச்சாளுக்கு மற்றப் பக்கத்தில், ஓர் இடம் விட்டிருந்தது. அங்கே நல்ல தலைவாழை இலையாய்ப் போட்டா. சோறு வைத்தா. விளைமீனில் நடுத்துண்டு வைத்தா. சுறா வறை வைத்தா. எல்லாம் அவருக்கு விருப்பமானது. ஒரு கிளாசில் தண்ணியும் வைத்தா.

"அவன்ரை சாப்பாடு. அவனுக்கும் ஒரு இலை இருக்கட்டும்" என்றா.

அவ நினைத்தது வேறு. மகன் இருக்கிறான், அவனுக்கும் பந்தியில் இடம் இருக்கிறது என்று காட்ட நினைத்தா. ஆனால் ஆள் இல்லாத இலையில் அந்த ஆளுக்கு விருப்பமானதை வைத்துப் பக்கத்தில் தண்ணி வைத்தால் அது என்ன என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். செத்தவர்களுக்கு அப்படித்தான் படைக்கிறது. பந்தலில் ஒருவரும் வாயில் வைக்கவில்லை. ரீச்சர் மட்டும் விளங்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தா.

பெரியப்பா மெல்லச் சொன்னார்: "படையல் மாதிரியெல்லோ இருக்கு."

மாமிக்குக் கேட்டுவிட்டது. இலையைப் பார்த்தா. முகம் மாறிற்று. தான் செய்ததை அப்போதுதான் கண்டா. திரும்பி என்னைத் தேடினா.

"பிள்ளை, வாளியை வைச்சிட்டு இங்கை வா. இந்த இலைக்குப் பக்கத்திலை இரு. பெண்சாதி பக்கத்திலை இருந்து மீனும் சோறும் சாப்பிட்டால் அது படையல் இல்லை. வா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவ சொன்னது சரி. நான் போய் இருந்து ஒரு பிடி மீனை வாயில் வைத்தால் போதும். பொட்டு இருக்கும். மாமி நாளைக்கும் மீன் கேட்பா. நாளையின்றைக்கும் கேட்பா. நான் காய்ச்சிக்கொண்டே இருக்கலாம்.

வாளியை நிலத்தில் வைத்தேன். ஓர் இலை எடுத்தேன். பந்தலைத் தாண்டி விறாந்தைக்கு ஏறினேன். சைவப் பந்தியின் கடைசியில் இலையைப் போட்டு இருந்தேன்.

நான் எங்கே இருந்தேன் என்பதே கதை. மாஸ்ரர் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் கையை இலைக்கு மேலே தூக்கினபடி அவரைப் பார்த்தார்கள். இனி அது துடக்கு வீடு. அவர் எழும்பினால் அவர்களும் எழும்புவார்கள்.

மாஸ்ரர் என்னைப் பார்த்தார். பிறகு தன் இலையைப் பார்த்தார்.

"மோர் இருக்கோ?" என்று கேட்டார்.

ஆரோ ஓடிப்போய் மோர் கொண்டுவந்தார்கள். அவர் சோற்றில் விட்டுப் பிசைந்து சாப்பிட்டார். மற்ற இரண்டு பேரும் கையைக் கீழே விட்டார்கள்.

விறாந்தையிலிருந்து பந்தல் முழுக்கத் தெரியும். மாமி அந்த இலைக்கு முன்னால் நின்றா. எனக்கு ஏசுவா என்று நினைத்தேன். ஏசவில்லை. குனிந்து இலையை இரண்டு கையாலும் தூக்கினா. சோறு சிந்தாமல் மெல்ல மெல்ல நடந்து கிணற்றடிப் பக்கம் போனா. கொஞ்ச நேரத்தில் அவ காகத்தைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கா, கா என்று. காகம் வருகிறவரைக்கும் கூப்பிட்டா.

மச்சாள் பந்தியிலிருந்து எழும்பி, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினா. நான் நிலத்தில் வைத்த வாளியை அவ தொடவில்லை. அது மச்சப் பக்கம் வந்த வாளி. குசினிக்குள் போய்ச் சட்டியிலிருந்து வேறாய் ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு வந்தா. என் இலைக்கு முன்னால் குனிந்தா. கண்ணெல்லாம் தண்ணி.

"மச்சாள், சொதி விடட்டே?"

"விடு" என்றேன்.