அம்பது பால்

அக்காவின் டீக்கடை என்பது இரண்டு சக்கரத்தில் நிற்கும் ஒரு தகரப் பெட்டி. ஆடிப் பதினெட்டன்று அதை ஜேடர்பாளையத்தில், அணைக்குப் போகிற வழியில் நிறுத்த இடம் பேசி வைத்திருந்தாள். காலையில் கூட்டம் கூடுவதற்குள் பெட்டி போய்ச் சேராவிட்டால் அந்த இடத்தில் வேறு யாராவது பொரிக்கடை போட்டுவிடுவார்கள். "டிராக்டருக்குச் சொல்லீரட்டுமா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "நம்ம பிக்கப் எதுக்கு இருக்குது, நான் இழுத்துட்டு வாரேன்" என்பேன்.

அந்த பிக்கப் என்னைவிட மூத்தது. ஒரு காலத்தில் அப்பா அதில்தான் சொசைட்டிக்குப் பால் கேன் கொண்டுபோவார். பிறகு கோழி அடைகிற இடமாகிவிட்டது. நான் அதை ஓட வைத்தேன். பின்பக்க வில்பட்டையில் கூடுதலாக ஒரு தகடு சேர்த்து, பிரேக் லைனிங் மாற்றி, பெட்டியின் விளக்குகளுக்கு வயரும் இழுத்தாயிற்று. மிச்சம் பின்னால் கொக்கிதான்.

நாமக்கல்லில் டிரெய்லர் என்றால் தெருவை அடைத்து வருகிற லாரி டிரெய்லர்தான். சின்னப் பெட்டியை ஒருவரும் மதிப்பதில்லை. எங்கள் பெட்டியின் மூக்கு கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும். வண்டியின் பின்னால் ஒரு இரும்பு உருண்டை வைத்து, அதன்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பூட்ட வேண்டும். பார்த்த வீடியோவில் எல்லாம் அந்த உருண்டைக்கு இங்கிலீஷில் 'பால்' என்றுதான் பெயர். என் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

வண்டியை வெல்டிங் பட்டறையில் விட்டிருந்தேன், உருண்டை கூரியரில் வந்துகொண்டிருந்தது. சேலம் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு நிற்கும்போது பட்டறைக்காரர் கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, பின்னாடி என்ன வெக்கோணும்னீங்க?"

"பாலுங்கண்ணா. பால் உக்கார்ற மாதிரி ஒரு ஸ்டாண்டு. வெயிட்டு தாங்கோணும்."

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு போதுங்க."

"சைஸு?"

"அம்பது."

மில்லிமீட்டர் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "அம்பதுதான, அளவு நம்மகிட்டயே இருக்குதுங்க" என்று வைத்துவிட்டார். என்ன ஒரு வேகம் என்று சந்தோஷப்பட்டேன்.

பதினெட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் உருண்டையும் கையுமாகப் போய் நின்றேன். பின் பம்பரைக் காணோம். அந்த இடத்தில் சேஸோடு சேர்த்து வெல்டு வைத்த ஒரு தட்டு, அதைச் சுற்றி இரும்பு வளையம். சிவப்பு பெயிண்ட் வேறு.

"என்னங்கண்ணா இது?"

"பால் ஸ்டாண்டுங்க. அம்பது லிட்டரு கேனு கிண்ணுனு உக்காரும். லாரியே வந்து மோதுனாலும் அசையாது."

உருண்டையை நீட்டினேன். வாங்கி, அடியிலும் மேலும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எங்கீங்க கறக்கறது?"

பக்கத்துப் பட்டறை வரைக்கும் சிரித்தார்கள்.

"இப்பவே அறுத்துட்டு இதை வெச்சுக் குடுங்க."

"நாளைக்குப் பதினெட்டுங்க சாமி. ஆளுக எல்லாம் ஊட்டுக்குப் போயாச்சு. அதுவும் நான் வெச்ச வெல்டு, லேசுல அறுபடாதுங்க" என்றார், பெருமையாக.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன். அவள் டம்ளர்களைத் துடைத்துக்கொண்டே, "டிராக்டருக்கு நேத்தே சொல்லிட்டேன்டா" என்றாள். "நீ இழுப்பீன்னு நான் எப்ப நம்புனேன்?"

விடிந்ததும் டிராக்டர் வந்தது. பெட்டியின் கிண்ணத்தைப் பார்த்த டிரைவர், "இதுல என்னத்தக்கா மாட்டறது?" என்று தலையைச் சொறிந்தார். நான் உருண்டையை எடுத்துக் கொடுத்தேன். டிராக்டரின் பின்னால் இருந்த ஓட்டையில் அதன் அடித்தண்டு அளவெடுத்த மாதிரி இறங்கியது. நட்டைக்கூட நானே முடுக்கினேன்.

பெட்டி முன்னால் குலுங்கிக் குலுங்கிப் போனது. டிராக்டர் புகையைக் குடித்துக்கொண்டு நான் பிக்கப்பில் பின்னால் போனேன், அக்காவின் பால் கேனைச் சிவப்பு வளையத்தில் ஏற்றிக்கொண்டு. ஜேடர்பாளையம் வரைக்கும் எத்தனை வேகத்தடை! ஒரு சொட்டு சிந்தவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரம்.