கதவுக்கு உள்ளேயிருந்து வந்த வசனம்

தொண்ணூறுகளில் கேரள எல்லைக்குள் உதியன்குளங்கரையில் ஒரு ஹோட்டலில் மாவாட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டு ஓடியவன், ஊர் ஊராகச் சுற்றி அங்கே வந்து சேர்ந்திருந்தேன். சினிமா படிக்கும் சஜி என்ற மாணவன் குறும்படத்துக்கு ஆள் தேடி வந்தான். ஓடிப்போன மகன் திரும்பி வருகிற கதை. மகனாக என்னைப் பிடித்தான். அம்மாவாக, சர்ச் நாடகங்களில் நடிக்கும் தங்கம் அக்கா.

வசனம் எதுவும் எழுதியிருக்கவில்லை. "நிங்க வாயில வாறத பேசுங்க, நான் எழுதிக்கிடுதேன்" என்றான்.

ஒத்திகைக்கு அக்காவின் வீட்டுக் கதவையே தட்டினேன்.

"யாரு?"

பாத்திரத்தின் பெயர் மறந்து, என் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அழுதுகொண்டே கதவைத் திறப்பார் என்று இருவரும் நினைத்தோம். திறக்கவில்லை. சர்ச்சின் கடைசி பெஞ்சு வரை கேட்கிற அந்தக் குரல் தணிந்து வந்தது.

"அவன் செத்துப்போனானாக்கும் மக்கா. நீ போ."

சஜி அவசரமாக எழுதினான். அக்கா வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "எலே, நடிப்புதானே. பேயக் கண்டவன் கணக்கா நிக்கிய?"

படப்பிடிப்பு முடிந்ததும் சொந்த ஊரான அருமனைக்கு பஸ் ஏறினேன். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"யாரு?" அம்மாவின் குரல்தான்.

பெயரைச் சொன்னேன். உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு தாழ்ப்பாள் விலகியது. அம்மா ஒன்றும் கேட்காமல் வழிவிட்டார்.

அந்த மௌனத்தில் அவர் எந்த வசனத்தை விழுங்கினார் என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. இன்றும் எந்தக் கதவைத் தட்டினாலும், திறக்கும்வரை அந்த வசனம் எனக்குக் கேட்கிறது.