பின்சந்துக்கு ஓர் அரிவாள்

அடையாறில் நாங்கள் குடியிருக்கும் பழைய அடுக்ககத்தின் பின்சுவருக்கும் கால்வாய்ச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அளவுக்குத்தான் அகலம். ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து எங்கள் தெருவுக்கு வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு அதுதான் குறுக்கு வழி. பெரிய சாலையைச் சுற்றி வந்தால் இருபது நிமிடம் ஆகும். சந்தில் புகுந்தால் ஐந்து நிமிடம்.

இரண்டு மழைக்காலம் யாரும் கவனிக்காமல் விட்டதில் சந்து காடாகிவிட்டது. சீமைக்கருவேலம் சுவருக்கு மேலே வந்துவிட்டது. அதன்மேல் கோவைக்கொடி படர்ந்து, கீழே ஆமணக்கும் நாயுருவியும் இடுப்பளவு நின்றன. பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்குள்தான் போய் வந்தார்கள்.

ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள் வேலை முடித்துச் சந்துக்குள் போனாள். சற்று நேரத்தில் என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே அவள் குரல் கேட்டது. கத்தவில்லை. "அக்கா, கால்ல இன்னாமோ கட்ச்சிட்சு" என்றாள்.

நான் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை செய்கிறவள். கணுக்காலில் இரண்டு புள்ளிகளைப் பார்த்ததுமே பாம்புக்கடி என்று புரிந்துவிட்டது. காலை அசைக்காதே என்று சொல்லி, ஆட்டோவில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே அவள் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து நிறுத்திவைத்தார்கள். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தபோது உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடியது. தினமும் ரத்தக் குழாய்களோடு புழங்குகிறவள் நான். ரத்தம் உறையவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மூன்று நாள் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்துக்கொண்டாள். ஒரு மாதம் வீட்டில் கிடந்தாள். பாம்பு கடித்த மறுநாளே மற்ற பெண்கள் அந்தச் சந்து வழியாகத்தான் வேலைக்கு வந்தார்கள். தாமதமாகப் போனால் பேச்சு வாங்க வேண்டும், வேறு என்ன செய்வார்கள்?

எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர், மரியாதையாகப் பேசுவார்.

"அந்த இடம் நம்மளது இல்லையேம்மா. நாம தொட்டா நாளைக்கு நம்ம பொறுப்புன்னு ஆயிடும். நீங்க சும்மா இருங்கோ" என்றார்.

அரசு அலுவலகங்களிலும் ஏறி இறங்கிக் கேட்டேன். போன இடத்திலெல்லாம் அது எங்களுடையது இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்திலிருந்து திரும்பி வருகிற வழியில்தான், இதை நானே வெட்டப்போகிறேன் என்று முடிவு செய்தேன்.

மயிலாப்பூரில் ஒரு பாத்திரக்கடையில் பளபளவென்று ஒரு கத்தி வாங்கினேன். பிளாஸ்டிக் பிடி, பார்க்க அழகாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆமணக்கு அதற்குச் சரிந்தது. கருவேலத்தில் நாலு போடு போட்டதும் வாய் மடங்கிவிட்டது. பிடியும் ஆடியது.

அதை எங்கள் தெருமுனை இளநீர்க்காரரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தார்.

"இது மீனு வெட்டக்கூட ஆவாது மேடம்."

"உங்க கத்தி மாதிரி வாங்கட்டுமா?"

"இது இளநிக்கு. முன்னால வெயிட்டு. இத்த வச்சு செடி வெட்டுனா ஒரே நாள்ல தோள்பட்டை பூடும். லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்ச அருவாவா கேட்டு வாங்கு" என்றார். எந்தக் கடை என்றும் சொன்னார்.

தி. நகரின் நெரிசலைத் தாண்டி ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது அந்த இரும்புக்கடை. உள்ளே தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அரிவாள் வேண்டும் என்றேன்.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான் பாய்."

எழுந்து வந்தார். "முள்ளா, கொடியா?"

"ரெண்டும்."

மூன்று அரிவாள்களை எடுத்துப் பலகைமேல் வைத்தார். ஒன்று முழங்கை நீளத்துக்கும் மேலே, நேராக இருந்தது. இன்னொன்று குட்டையாக நன்றாக வளைந்திருந்தது. மூன்றாவது நடுத்தர நீளம், நுனியில் மட்டும் வளைவு.

"ஒண்ணொண்ணா தூக்கி, கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு அம்பது எண்ணுங்க. நடுங்கிச்சுன்னா அது உங்களுக்கு இல்ல" என்றார்.

நீளமானதில் இருபதுக்குள் கை ஆடியது. குட்டையானதில் நூறுகூட எண்ணலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்துதான் வெட்ட வேண்டியிருக்கும். நடுத்தர நீளமானதை ஐம்பது வரை பிடித்தேன். அவர் அதை வாங்கி, பிடியின் அடியைக் காட்டினார். இரும்புக் காம்பு பிடிக்குள் முழுவதும் ஓடி, அடியில் வெளியே வந்து மடங்கியிருந்தது. "பாதியோட நின்னா ஓங்கும்போது கழண்டு பறந்துடும்" என்றார். பிறகு ஒரு நாணயத்தால் அலகைத் தட்டினார். சத்தம் கொஞ்ச நேரம் ஒலித்துக்கொண்டே இருந்தது. விரிசல் இருந்தால் ஓசை நீடிக்காமல் உடனே செத்துவிடுமாம். ஓர் அரமும் சேர்த்துக் கொடுத்து, "வேலை முடிஞ்ச அன்னிக்கே தீட்டி எண்ணெய் போட்டுடுங்க. நாளைக்குன்னு வெக்காதீங்க" என்றார்.

மறு ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சந்தில் இறங்கினேன். காலில் கனமான பூட்ஸ், கணவரின் பழைய ஜீன்ஸ். ஒவ்வொரு தடவையும் உள்ளே காலெடுத்து வைக்கும் முன் மூங்கில் கழியால் தரையைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். இடது கையில் ஒரு கவைக்குச்சி. கொடியை அதைக்கொண்டு இழுத்துப் பிடித்தேன், கையால் தொடவில்லை. தண்டை நேர்க் குறுக்காக வெட்டினால் அரிவாள் துள்ளுகிறது, சாய்வாகக் கீழ்நோக்கிப் போட்டால் இறங்குகிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்தது. பலத்தைக் கொண்டு அடிக்க வேண்டியதே இல்லை. அலகின் கனத்தை விழவிட்டால் போதும். இத்தனையும் தெரிந்தும் முதல் நாள் ஆறடி தூரம்தான் வெட்ட முடிந்தது. மறுநாள் வேலையில் ஊசி பிடிக்கும்போது விரல்கள் வலித்தன.

மூன்றாவது வாரம் தப்பு செய்தேன். வெயில் ஏறிவிட்டது, கை சோர்ந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு கிளைதானே என்று நினைத்தேன். அரிவாள் கருவேலத்தின் கணுவில் பட்டு வழுக்கி என் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. ஜீன்ஸ் இருந்ததால் நாலு தையலோடு போயிற்று. கணவர் காலில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "போதும், இதோட விட்டுடு" என்றார்.

"கட்டு பிரிக்கற வரைக்கும் விடறேன்" என்றேன். அடுத்த நாள் அவர் ஒரு ஜோடி ஷின் கார்டு வாங்கிவந்து மேஜைமேல் வைத்தார், கிரிக்கெட் ஆடுகிறவர்கள் கட்டுவார்களே அது மாதிரி. அதற்குப் பிறகு, கை சோர்ந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவது என்று வைத்துக்கொண்டேன். பாதி வெட்டிய கிளை தொங்கினாலும் சரி.

நான் மறுபடி இறங்கிய ஞாயிறன்று பாம்பு கடித்தவளே வந்து நின்றாள். கால் இன்னும் லேசாக வீங்கியிருந்தது.

"நீ ஒர்த்தியே வெட்டிக்கினு கீறியாமே" என்றாள்.

"நான் வெட்டறேன். நீ வேணா வெட்டினதை ஓரமா இழுத்துப் போடு, போதும்."

"இன்னாத்துக்கு? கட்ச்சது என்னியத்தான? நானும்தான் வெட்டுவேன்."

அரிவாளை வாங்கிக்கொண்டாள். என்னைவிடச் சின்ன உருவம். ஆனால் அவள் வெட்டிய வேகத்துக்கு என்னால் இழுத்துப்போட முடியவில்லை. ஒருவர் வெட்டும்போது மற்றவர் பத்தடி தள்ளி நிற்பது, கை மாற்றும்போது அரிவாளைத் தரையில் வைத்துத்தான் எடுப்பது என்று இரண்டு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். அவள் சிரித்தாலும் கேட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் சந்தின் முனையில் போலீஸ் பைக் வந்து நின்றது. இரண்டு பெண்கள் அரிவாளோடு சுற்றுகிறார்கள் என்று யாரோ போன் செய்திருக்கிறார்கள். இறங்கி வந்த காவலர் எங்களையும் குவிந்து கிடந்த முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"பாம்பு கட்ச்சி மூணு நாள் மூச்சு பேச்சில்லாம கெடந்தேன் சார். வெட்டாம இன்னா பண்ண சொல்ற?"

அவர் அரிவாளை வாங்கிப் பார்த்தார். விரல் நகத்தில் அதன் கூர்வாயை மெல்ல வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் தீட்டியிருக்கீங்க. தெருவுல எடுத்துட்டுப் போறப்ப துணியில சுத்திக்கிட்டுப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே பழைய ஜீன்ஸின் மறு காலை வெட்டி அதற்கு உறை தைத்தேன்.

தீட்டுவது என் வேலை. முதலில் செடியின் பால் காய்வதற்குள் எண்ணெய்த் துணியால் அலகைத் துடைப்பேன். பின்பு படிக்கட்டின் விளிம்பில் அதை அழுத்திப் பிடித்து, அரத்தை ஒரே திசையில், பிடியிலிருந்து நுனிக்கு, பக்கத்துக்கு ஏழெட்டு இழுப்பு இழுப்பேன். முன்னும் பின்னும் தேய்த்தால் அரமும் கெடும், வாயும் கெடும். கடைசியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். அடையாறின் உப்புக்காற்றில் ஒரு நாள் சோம்பினால் மறுநாள் செம்புள்ளிகள் தெரியும். ஒரு தடவை அப்படி விட்டேன், அந்தப் புள்ளிகளை எடுக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று.

கருவேலம் வெட்டினால் மட்டும் போகாது, அடுத்த மழைக்கு நாலு தளிரோடு வரும். அதனால் பெரிய தூர்களைக் கடப்பாரை போட்டுத் தோண்டினோம். அதற்கு இன்னும் நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பதினோரு ஞாயிற்றுக்கிழமைகளில் சந்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தெரிந்தது.

போன மாதம் செயலாளர் சந்தைப் பார்க்க வந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நன்னா பண்ணியிருக்கேள். இந்தப் பக்கம் பத்து ஸ்கூட்டர் நிறுத்தலாம் போலிருக்கே. கம்பித் தடுப்பு ஒண்ணு போட்டுட்டா..." என்று ஆரம்பித்தார்.

"இந்த இடம் நம்மளது இல்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றேன். "ஸ்கூட்டர் நின்னா அவங்க நடக்க முடியாது. வண்டி நிக்கக் கூடாது சார்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆற்றோரக் குடியிருப்புப் பக்கத்திலிருந்து மூன்று பெண்கள் கையில் சாப்பாட்டுப் பையோடு, புடவையைத் தூக்கிப் பிடிக்காமல், பேசிக்கொண்டே வந்தார்கள். அவர் சுவரோரம் ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தாலும் என் பதில் அதுதான்.