லாட்டரி விழுந்த வீடு

என் அக்கா வீட்டுக்காரர் லாரி டிரைவர். உத்திரமேரூரிலிருந்து பாலக்காட்டுக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போவார். போன இடத்தில் வாங்கிய லாட்டரிச் சீட்டுக்குப் பெரிய பரிசு விழுந்தது. வரி பிடித்தது போக வந்ததே, எங்கள் இரண்டு குடும்பமும் ஆயுசுக்கும் உழைத்தாலும் பார்க்க முடியாத பணம்.

அதில் இன்று ஒன்றும் மிச்சமில்லை. "அவன் ராசி அப்படி" என்கிறார்கள் ஊரில். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது. கையெழுத்துப் போட்டவர் மாமா. பேனாவை நீட்டியவர்கள் யார் யார் என்றும் எனக்குத் தெரியும்.

பணம் வந்த வாரமே வாசலில் செருப்பு விட இடமில்லை. கோயில் கமிட்டிக்காரர்கள், எங்களை எந்த விசேஷத்துக்கும் அழைக்காத சொந்தக்காரர்கள், கரை வேட்டிகள். நேற்றுவரை "டேய்" என்றவர்கள் "அண்ணே" என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்கு மாமா மயங்கிவிட்டார். யாருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்கா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஒரு பங்க பசங்க பேர்ல பேங்க்ல போட்ருய்யா. மீதிய நீ இன்னா வேணா பண்ணிக்கோ."

"பேங்க்ல போட்டுட்டு நான் மறுபடியும் லாரி ஓட்டிக்கினு இருந்தா எவன்டி மதிப்பான்?"

முன்பணம் கட்டி இரண்டு லாரி எடுத்தார், மீதிக்கு ஃபைனான்ஸ். தானே ஓட்டினால் கௌரவக் குறைச்சல் என்று ஆள் வைத்தார். ஒரு புரோக்கர் ஏரியை ஒட்டி மனை முடித்துக் கொடுத்தான். ரோடு வரப்போகிறது, விலை ஏறப்போகிறது என்றான். பட்டா போலி. அதிகாரிகள் வந்து, ஏரிப் புறம்போக்கு என்று எல்லைக் கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள். லோடு கிடைக்காமல் தவணை நின்றது. லாரிகளைக் காப்பாற்ற வீட்டை அடகு வைத்தார். லாரியும் போனது, வீடும் போனது.

பிறகு ஒரு காதுகுத்தில் அந்தப் புரோக்கர் அக்காவிடம் வந்து, "இன்னாம்மா பண்றது, எல்லாம் நேரம்" என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏரி எடம்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? அதச் சொல்லு மொதல்ல!"

"நானா கையப் புடிச்சிக் கையெழுத்துப் போட வெச்சேன்?"

"விசேஷ வூட்ல இன்னா பேஜாரு இது? பொம்பள இப்டியா கத்துவா?" என்று என்னைத்தான் அடக்கினார்கள். அவனை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'அண்ணே' என்றவர்களில் பாதிப் பேர் அந்தப் பந்தியில்தான் இருந்தார்கள். மாமா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர்மேல்தான் அப்போது எனக்கு அதிகக் கோபம்.

இப்போது அவர் வேறொருவர் லாரியை ஓட்டுகிறார். அக்கா ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். விடியுமுன் பஸ் பிடிக்க ஓடுகிறாள்.

போன வாரம் ஏரிக்கரையில் வண்டியில் வரும்போது பார்த்தேன். அதே புரோக்கர், அதே இடத்தை, பெரியவர் ஒருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். கம்பெனிக்கு நிலம் கொடுத்துப் பணம் வாங்கியவராம் அவர். வண்டியை நிறுத்தினேன்.

"பெரியவரே, அது ஏரி எடம். வாங்காதீங்க. எங்க அக்கா குடும்பமே போச்சு."

"யாரும்மா நீ?" என்றார்.

"அது ஒரு மாதிரி, கண்டுக்காதீங்கண்ணே" என்றான் புரோக்கர்.

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவன் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.