தலைப்பிரசவத்துக்குப் பெயிண்ட் அடித்த வீடு

என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவாளா, மாட்டாளா என்பது என் மூக்கைப் பொறுத்ததாக இருந்தது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பல வருஷமாகச் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். வகுப்பில் பினாயில் போட்டுத் துடைத்தால் தலை பிளக்கும், தொண்டை அடைக்கும், நாக்கு மரத்துப்போகும். பிறகு மார்க்கர் பேனா ஆகவில்லை. பிறகு பக்கத்து டீச்சரின் பவுடர். மதுரையில் எடுத்த ஸ்கேன் எல்லாம் நார்மல். “டென்ஷன் ஆகாதீங்கம்மா” என்றார் டாக்டர். அவர் போட்டிருந்த சென்ட் வாடையில் அதற்குப் பதில் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் வேலையை விட்டேன்.

எங்கள் வீடு நாரணாபுரத்தில். கணவர் வெடிக் கம்பெனியில் போர்மேன். பின்வாசலிலேயே குளித்து, உடுப்பு மாற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்படியும் தலைமுடியில் வெடிமருந்து வாடை இருக்கும். அவர் ஹாலில் படுப்பார். நான் பின்னறையில், சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்துப் படுப்பேன். “ஊரை விட்டுப் போயிரலாம்ல” என்று சொல்லாத ஆள் இல்லை. போகாமலா இருந்தேன்? விருதுநகரில் அக்கா வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்க மிளகாய் வத்தல் குடோன். வெம்பக்கோட்டைப் பக்கம் கணவரின் சொந்தக்காரர் பருத்திக்காட்டுக்குப் போனேன். பருத்திக்குப் பின்னாலேயே ஒரு வெடிக் கம்பெனி. இனி எங்கே போக, வானத்துக்கா?

மகளை நாகர்கோவில் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வழக்கம் கிடக்கட்டும், எனக்கு ஆசை. அந்தப் பிள்ளையை என் காலில் போட்டு நானே குளிப்பாட்ட வேண்டும் என்று அப்படி ஒரு ஆசை. ஆனால் சம்பந்தியம்மா நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். என் சீக்கைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒன்பதாம் மாதம் மகளோடு வருவதாகவும், வீட்டை ஒரு பார்வை பார்த்து, சரியாக இருந்தால் அவளை விட்டுப்போவதாகவும் போனில் சொன்னார்.

உடனே என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்தார்.

“சம்பந்தி வாறாகள்ல, சுவரு இப்படியா இருக்கது? இது வாடையே வராத பெயிண்டு. டப்பாவுலயே போட்டிருக்கு பாரு.”

பாத்ரூமில் பாச்சா உருண்டை வேறு. சம்பந்திக்கு மரியாதையாம். இந்த மனுஷனை என்னவென்று திட்ட? முகமெல்லாம் அவ்வளவு சந்தோஷம். அவர்கள் வரும்வரை கொல்லையில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்தார்கள். ஒரு பொழுதுதானே, சமாளித்துவிடலாம் என்று ஹாலில் போய் உட்கார்ந்து சிரித்தேன்.

“மதினி, உங்களுக்கு எந்த வாடையும் ஆகலைன்னு பிள்ள சொன்னா. இப்ப எப்படி இருக்கீக?” என்றார் சம்பந்தியம்மா.

“இப்ப ஒண்ணுமில்ல மதினி. எல்லாம் சரியாப் போச்சு.”

மகள் என்னையே பார்த்தாள். என் கணவருக்கு உயிர் வந்தது. “அது சும்மா மனப்பிராந்தி, தங்கச்சி. வேலை இல்லாம வீட்டுல இருந்தா அப்படித்தான்” என்றார்.

மனப்பிராந்தி இல்லை, இல்லை என்று எத்தனை பேரிடம் மல்லுக்கட்டியிருப்பேன்? அன்றைக்கு நானே “ஆமா” என்று தலையை ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயம் உரித்தேன் என்றேன். சம்பந்தியம்மா நம்பிவிட்டார். பிள்ளைக்குத் தொட்டில் எங்கே கட்டலாம் என்றுகூடப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

பொழுது சாயும்போது வழக்கம்போல வெடிக் கம்பெனிப் பக்கம் கழிவை எரித்தார்கள். காப்பி குடித்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

“என்னமோ வாடை வருதே?”

“வாடையா? ஒண்ணும் இல்லையே” என்றார் என் கணவர்.

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார். “மதினி, நீங்க சொல்லுங்க. வாடை இருக்கா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் இங்கேயே இருப்பாள். அவள் கட்டிலில் சாய்ந்து, நிறைமாதக்காரிகள் விடுவது போல வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த மூச்சையே பார்த்தேன். என்னால் முடியவில்லை.

“இருக்கு மதினி. கம்பெனிக் கழிவை எரிக்காக. தெனமும் சாயங்காலம் எரிப்பாக. எனக்கு எதுவும் சரியாகவும் இல்ல. பிள்ளைய உங்க ஊருக்கே கூட்டிட்டுப் போயிருங்க.”

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் அழுதாள். “அம்மா, அப்ப நீயாவது ஆஸ்பத்திரிக்கு வந்துரு” என்றாள். வருகிறேன் என்றேன். ஆஸ்பத்திரியில் பினாயிலுக்கும் டெட்டாலுக்கும் நடுவில் என்னால் நிற்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

கார் போனதும் அடக்கிவைத்த இருமல் எல்லாம் சேர்ந்து வந்தது. கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“நெசமாவே வாடை வந்துச்சா?”

“இன்னும் வருது.”

சன்னல் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை நன்றாக இழுத்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

“சம்பந்திக்கே வந்துச்சு, எனக்கு ஒண்ணுமே தெரியலயே” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பயந்துபோயிருந்தார்.